கல்லையும் உரைத்துப் பார்த்தவர்: ஜேம்ஸ் பிரின்செப்

அசோகச் சக்கரவர்த்தி யார் என்று கேட்டால் எமது பிள்ளைகளும் தயங்காமல் பதில் சொல்லுவார்கள். இந்திய தேசியக் கொடியின் நடுவில் இருக்கும் சக்கரமும், இந்திய நாணயங்களில் இருக்கும் சிங்கங்களும் அவர் நிறுத்திய தூணிலிருந்து எடுக்கப்பட்டவை. ஆனால் 1836ஆம் ஆண்டில் இந்தியாவிலே ஒருவரைக் கேட்டிருந்தால் அவருக்கு இந்தப் பேரரசரைப் பற்றி அனேகமாக ஒன்றும் தெரிந்திருக்காது. புராணங்களில் வரும் அரச பட்டியலில் அவர் ஒரு பெயர் மட்டுமே. இலங்கை போன்ற பௌத்த நாடுகளின் ஏடுகளில் அவர் கதை இருந்தது. ஆனால் அது கதையா, நடந்த சரித்திரமா என்று சொல்ல எவரிடமும் ஆதாரம் இருக்கவில்லை.

அந்த ஆதாரத்தைத் தேடிக் கொடுத்தவர் பேராசிரியர் அல்லர். சமயப் பெரியாரும் அல்லர். நாணயசாலையில் வெள்ளிக்கு மாற்றுப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உத்தியோகத்தர். அவர் பெயர் ஜேம்ஸ் பிரின்செப். நாற்பது வயதில் மறைந்த இவருடைய வாழ்க்கையை இவ்விதழில் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வரலாறு என்பது கேட்டதை நம்புவதோ விரும்பியதை எழுதுவதோ அன்று, சான்றை நிறுத்துப் பார்ப்பது என்பதை இவர் வாழ்க்கையைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்றில்லை என்று நாம் கருதுகிறோம்.

சாய வியாபாரியின் மகன்

ஜேம்ஸ் பிரின்செப் 1799ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் ஜோன் பிரின்செப் வெறுங்கையோடு வங்காளத்துக்குப் போய், அவுரிச் சாய வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டித் திரும்பியவர். பின்னர் அந்தச் செல்வத்தில் பெரும் பகுதியை இழந்தார். பிள்ளைகள் பலர். அவர்களில் ஜேம்ஸ் ஏழாவது மகன். ஆகவே ஒவ்வொருவரும் தமக்கென ஒரு தொழிலைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. சகோதரர்களில் பலர் இந்தியாவுக்கே வந்தனர். சிங்கப்பூரில் உள்ள பிரின்செப் வீதி, அங்கே சாதிக்காய்த் தோட்டம் வைத்திருந்த இவருடைய அண்ணன் சார்ல்ஸின் பெயரால் வந்தது.

ஜேம்ஸ் முதலில் கட்டடக் கலை பயின்றார். நுணுக்கமான வரைதல் வேலையால் கண் பழுதுபட்டது. அதைக் கைவிட்டு, லண்டன் நாணயசாலையில் உலோகங்களின் தரம் பார்க்கும் வித்தையைக் கற்று, 1819இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். அப்போது வயது இருபது. அடுத்த ஆண்டிலிருந்து பத்து ஆண்டுகள் காசி நாணயசாலையில் கடமையாற்றினார்.

தட்டார் ஒருவரிடம் பழைய சங்கிலியைக் கொடுத்தால் அவர் முதலில் என்ன செய்வார் என்பது எமது தாய்மாருக்கு நன்றாகத் தெரியும். இது அம்மம்மாவின் சங்கிலி, சுத்தத் தங்கம் என்று நாம் எவ்வளவு சொன்னாலும் அவர் சிரித்துக்கொண்டே உரைகல்லில் உரைத்துத்தான் பார்ப்பார். அது அவமதிப்பு அன்று, தொழில் ஒழுக்கம். பிரின்செப்பின் தொழிலும் அதுவே. ஒரு கிரெயினின் மூவாயிரத்தில் ஒரு பங்கைக் கூடக் காட்டும் தராசு ஒன்றை அவர் தாமே அமைத்தார். உலைகளின் கடும் வெப்பத்தை அளக்கும் முறை பற்றி அவர் எழுதிய ஆய்வுக்காக 1828இல் லண்டன் றோயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அப்போது அவருக்கு முப்பது வயதும் ஆகவில்லை.

காசியில் அவர் செய்தவை இன்னும் பல. நகரத்தின் வரைபடத்தைத் தயாரித்தார், மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார், தேங்கி நின்ற குளத்து நீரை வெளியேற்ற நிலத்தடி வாய்க்கால் அமைத்தார், கர்மநாசா ஆற்றுக்குக் கல் பாலம் கட்டினார், ஔரங்கசீப் பள்ளிவாசலின் சரியத் தொடங்கிய கோபுரங்களைப் பிரித்துத் திரும்பக் கட்டினார். 1830இல் காசி நாணயசாலை மூடப்பட, கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார். 1832இல் அங்குள்ள நாணயசாலையின் தலைமைப் பரிசோதகராகவும், ஆசியச் சங்கத்தின் செயலாளராகவும் ஆனார். 1835இல் கம்பனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே ரூபாய் என்று வந்தது. எடை 180 கிரெயின், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி. இந்தச் சீர்திருத்தத்தின் பின்னால் இருந்தவர்களில் இவர் முக்கியமானவர்.

இவர் கிழக்கிந்தியக் கம்பனியின் ஊழியர் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. அந்தக் கம்பனி இந்தியாவில் செய்தவை அனைவரும் அறிந்தவை. ஒருவர் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதையும் அவர் என்ன கண்டுபிடித்தார் என்பதையும் தனித்தனியே எழுதி வைப்பதுதான் நேர்மையான கணக்கு.

வாசிக்க முடியாத தூண்கள்

டில்லியிலும் அலகாபாத்திலும் பீகாரிலும் வழவழப்பான பெரிய கல்தூண்கள் நின்றன. அவற்றில் ஒரே விதமான எழுத்து இருந்தது. எவராலும் வாசிக்க முடியவில்லை.

வாசிக்க முடியாத இடத்தில் கற்பனை குடிபுகும் என்பதற்கு இத்தூண்களே உதாரணம். 14ஆம் நூற்றாண்டில் சுல்தான் பிரோஸ் ஷா துக்ளக் இரண்டு தூண்களைத் தொலைவிலிருந்து டில்லிக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்றில் எழுதியிருப்பது என்ன என்று பண்டிதர்களை அழைத்துக் கேட்டார். பிரோஸ் என்ற பெருமன்னர் வரும்வரை இத்தூணை எவராலும் அசைக்க முடியாது என்று அதில் எழுதியிருப்பதாகச் சிலர் சொன்னதை அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் பதிந்திருக்கிறார். மன்னருக்குப் பிடித்ததை வாசித்துவிட்டார்கள். பின்னர் 17ஆம் நூற்றாண்டில் வந்த ஆங்கிலப் பயணி தோமஸ் கோரியற், எழுத்து கிரேக்கம் என்றும், போரஸ் மன்னனை வென்ற நினைவாக அலெக்சாந்தர் நாட்டிய தூண் இது என்றும் எண்ணினார். அவருக்குப் பழக்கமானதை அவர் வாசித்தார்.

இரண்டும் ஒரே நோய்தான். சான்று என்ன சொல்கிறது என்று பாராமல், நாம் கொண்டுபோனதையே அதில் கண்டு திரும்புவது.

பிரின்செப் வேறு வழியில் தொடங்கினார். 1834இல் அலகாபாத் தூணின் படி கைக்கு வந்ததும், பொருள் என்ன என்று ஊகிக்கவில்லை. எழுத்துகளை எண்ணினார். எந்தக் குறி எத்தனை தடவை வருகிறது, அதன் மேலும் கீழும் பக்கத்திலும் என்னென்ன சிறு கோடுகள் சேர்கின்றன என்று அட்டவணை போட்டார். க, கா, கி, கீ என்று எமது பிள்ளைகள் தமிழ்ப் பாடசாலையில் எழுதிப் பழகுகிறார்கள் அல்லவா? ஒரு மெய்யெழுத்தோடு உயிர்க்குறிகள் சேரும் அதே ஒழுங்கை அவர் அங்கே கண்டார். எனவே இது கிரேக்கம் அன்று, இந்திய எழுத்தே என்பது உறுதியாயிற்று. பம்பாயில் பாதிரியார் ஸ்டீவன்சன் சில எழுத்துகளை அடையாளம் கண்டார். ஜேர்மன் நாட்டு அறிஞர் கிறிஸ்டியன் லாசன் 1836இல், இருமொழியில் அமைந்த கிரேக்க மன்னன் ஒருவனின் நாணயத்திலிருந்து இன்னும் சிலவற்றை வாசித்தார். ஆனால் பூட்டு முழுவதும் திறக்கவில்லை.

உபயம் கொடுத்த திறவுகோல்

பூட்டைத் திறந்தது 1837. மத்திய இந்தியாவில் சாஞ்சி என்னும் இடத்துப் பௌத்த தூபியின் கல்வேலியில் இருந்த சிறு சிறு எழுத்துப் பொறிப்புகளை, கப்டன் எட்வேர்ட் சிமித் என்பவர் படியெடுத்து அனுப்பினார். பெரிய சாசனம் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றும் ஒரு வரி, இரண்டு வரி.

அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்த பிரின்செப் ஒன்றைக் கவனித்தார். ஏறக்குறைய எல்லாமே ஒரே இரண்டு எழுத்தில் முடிந்தன. ஒரு புனிதத் தலத்தில், வெவ்வேறு கற்களில், வெவ்வேறு சிறு வாசகங்கள் ஒரே சொல்லில் முடியுமானால் அந்தச் சொல் என்னவாக இருக்கும்?

எமது கோயிலுக்கு வருபவர்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக் கல்வெட்டியல் படிக்கத் தேவையில்லை. குத்துவிளக்கிலும் மணியிலும் அண்டாவிலும் மின்விளக்கிலும் என்ன எழுதியிருக்கிறது? பெயர், ஊர், உபயம். பிரின்செப்பும் அதே முடிவுக்கு வந்தார். அந்தச் சொல் தானம். அதற்கு முன்னால் வரும் எழுத்து, இன்னாருடைய என்பதைக் காட்டும் வேற்றுமை உருபு. இன்னாருடைய தானம். அவ்வளவுதான்.

தா, ன என்ற இரண்டு எழுத்தும் மகரப் புள்ளியும் உறுதியானதும் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தன. குறுகிய காலத்தில் அனேகமாக முழு நெடுங்கணக்கும் கையில் இருந்தது. இந்த எழுத்தையே நாம் பிராமி என்கிறோம். மொழி, பண்டிதர்கள் எதிர்பார்த்திருந்த வடமொழியன்று. மக்கள் வழக்கில் இருந்த பிராகிருதம். வாசகங்களுக்குப் பொருள் காண்பதில் கமலாகாந்த வித்யாலங்கார் என்னும் வங்காளப் பண்டிதர் பெரிதும் துணைநின்றார். அவர் பெயரைப் பலர் மறந்துவிட்டதால் இங்கே குறிப்பிட்டு வைக்கிறோம்.

இதில் ஒன்றை நாம் நின்று சிந்திக்க வேண்டும். பேரரசரின் பெரிய தூண்கள் தம்மை வாசிக்க விடவில்லை. வணிகர்களும் இல்லத்தரசிகளும் பிக்குணிகளும் விதிசை நகரத்துத் தந்த வேலைக்காரரும் கொடுத்த சிறிய உபயங்களே அரசரின் வாயையும் திறந்தன. அந்தச் சிற்பக்கல்லைக் கொடுத்த அம்மையார் ஒருவர், தம் பெயர் ஈராயிரம் ஆண்டு கழித்து ஒரு நாட்டின் வரலாற்றுக்குத் திறவுகோலாகும் என்று நினைத்திருக்கவே மாட்டார்.

பிழையும் திருத்தமும்

இனி டில்லித் தூணை வாசிக்கலாம். வாசித்தபோது தேவர்களுக்குப் பிரியமானவன் என்ற பட்டமும் பியதசி என்ற பெயரும் உடைய ஓர் அரசன் பேசினான். யார் அவன்? இந்திய அரச பட்டியல் எதிலும் அந்தப் பெயர் இல்லை.

இந்த இடத்தில் இலங்கை வருகிறது. அங்கே சிவில் சேவையில் இருந்த ஜோர்ஜ் ரேணர் இலங்கையிலேயே பிறந்தவர். பிரின்செப் பிறந்த அதே 1799இல் பிறந்தவர். இரத்தினபுரியில் உத்தியோகம் பார்த்தபோது பாளி மொழியைக் கற்று, மகாவம்சத்தை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருந்தார். அந்நூலில் தேவானம்பிய தீசன் என்ற அனுராதபுர மன்னன் வருகிறான். பட்டம் ஒத்துப்போகிறது. ஆகவே தூண்களை நாட்டியவன் இலங்கை மன்னனாக இருக்கலாம் என்று பிரின்செப் அச்சிலேயே எழுதினார்.

இது பிழை. சிறு தீவின் மன்னன் டில்லி வரை தன் கட்டளைகளைத் தூணில் பொறித்தான் என்பது பொருந்தாத ஒன்று. ஆனால் அன்று கையிலிருந்த ஒரே சான்று அதைத்தான் காட்டியது. அதே 1837ஆம் ஆண்டிலேயே ரேணரிடமிருந்து கடிதம் வந்தது. மகாவம்சத்திலும் பழைய தீபவம்ச ஏட்டில், சந்திரகுப்தனின் பேரனும் பிந்துசாரனின் மகனுமான அசோகனே பியதசி என்று கூறப்பட்டிருப்பதைத் தாம் கண்டதாக அவர் எழுதினார். பிரின்செப் அதை ஒளிக்கவில்லை. முன்பு சொன்னதற்கு மழுப்பல் விளக்கமும் தேடவில்லை. தாமே ஆசிரியராக இருந்த ஆசியச் சங்க இதழில் திருத்தத்தை வெளியிட்டார்.

கணக்குத் தொழிலில் இருக்கும் எமக்கு இது மிகவும் பிடித்த இடம். பேரேட்டில் தவறு நேர்ந்தால் அதைச் சுரண்டி அழிப்பது குற்றம். பழைய பதிவு தெரிய, திருத்தப் பதிவு ஒன்று போட வேண்டும். எவர் எப்போது என்ன அறிந்தார் என்பது பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும். வரலாற்றுக்கும் அதே சட்டந்தான்.

இரண்டு பக்கமும் ஒத்த கணக்கு

பெயர் கிடைத்துவிட்டது. காலம்? எமது காசேட்டை நாமே எழுதுகிறோம். ஆகவே அதை மட்டும் வைத்துக் கணக்காய்வாளர் ஒப்பமிட மாட்டார். வங்கி தனியாக எழுதும் கூற்றோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்தால்தான் நம்புவார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சாட்சிகள் ஒன்றையே சொல்வது, ஒரே சாட்சி பத்துத் தடவை சொல்வதிலும் வலியது.

குஜராத்தில் கிர்னார் மலையடிவாரத்துப் பாறையில் இருந்த நீண்ட சாசனத்தின் படியைப் பம்பாயிலிருந்து பாதிரியார் ஜோன் வில்சன் எடுப்பித்திருந்தார். ஒரிசாவில் தௌலிப் பாறையின் படியை மார்க்கம் கிற்றோ என்ற படை அதிகாரி அனுப்பினார். நாட்டின் மேற்குக் கோடியிலும் கிழக்குக் கோடியிலும் இருந்த இரண்டும் பெரும்பாலும் ஒரே வாசகம் என்பதைப் பிரின்செப் கண்டார். 1838இல் அதற்குள்ளே அந்தியோக்கஸ் என்ற கிரேக்க அரசனின் பெயரை வாசித்தார். இன்னொரு பகுதியில் எகிப்தின் தொலமியும் சைரீன் நாட்டு மாகாசும் வெளிப்பட்டனர். இவர்களுடைய காலம் கிரேக்க நூல்களிலிருந்து முன்னமே தெரிந்தது. பெரும்பாலான அறிஞர் இங்கே கொள்வது இரண்டாம் அந்தியோக்கஸ். அவர் ஆட்சி கி.மு. 261இல் தொடங்கியது. மாகாஸ் இறந்தது கி.மு. 250 அளவில். ஆகவே அசோகன் இவர்களைப் பற்றி அறிந்து எழுதியது இந்தச் சிறு இடைவெளியை ஒட்டியே. இந்தியப் பழங்காலத்துக்கு அசைக்க முடியாத ஒரு திகதி கிடைத்தது.

இந்தத் திகதி இலங்கை ஏட்டின் கணக்கையும் உரைத்துப் பார்த்தது. புத்தர் மறைந்து 218 ஆண்டுகள் சென்றபின் அசோகன் முடிசூடினான் என்கிறது மகாவம்சம். இலங்கையில் வழங்கும் மரபுப்படி புத்தர் மறைந்தது கி.மு. 543. கழித்தால் கி.மு. 325. ஆனால் அலெக்சாந்தர் இறந்ததே கி.மு. 323இல். அதன் பின்னர்தான் சந்திரகுப்தன் கிரேக்கத் தளபதி செலூக்கசுடன் உடன்படிக்கை செய்தான். பாட்டன் அரசாள்வதற்கு முன் பேரன் முடிசூட முடியாது. ஏறக்குறைய 60 ஆண்டு வித்தியாசம். இந்த வித்தியாசத்தை வெளிப்படையாக எடுத்துச் சொன்னவர் மகாவம்சத்தின் மேல் பேரன்பு கொண்டிருந்த ரேணரே என்பது குறிப்பிடத்தக்கது.

அப்படியானால் மகாவம்சம் பொய்யா? எம்மவரிடையே இக்கேள்வி சூடாகவே எழும். எமது வாழ்வைக் கலைத்த அரசியலில் அந்நூல் எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதை நாம் அறிவோம். ஆயினும் நேர்மையான பதில், ஆம் என்பதோ இல்லை என்பதோ அன்று. பியதசி யார் என்று சொன்னது இலங்கையின் பாளி ஏடுகளே. பௌத்த தூதுவர்களாக இமயப் பகுதிக்கு அனுப்பப்பட்டவர்கள் என்று இந்நூல்கள் கூறும் பிக்குகள் சிலரின் பெயர்கள், 1851இல் சாஞ்சிப் பகுதித் தூபிகளிலிருந்து எடுக்கப்பட்ட அஸ்திப் பேழைகளில் காணப்பட்டன. அதே நூல்தான் அசோகன் தன் சகோதரர் 99 பேரைக் கொன்றான் என்கிறது. அவனுடைய சாசனமோ சகோதரர்களின் வீடுகள் இருப்பதாகப் பேசுகிறது. கலிங்கப் போரைப் பற்றி மகாவம்சம் மூச்சும் விடவில்லை. நூலை முழுதாகத் தலையில் வைப்பதும் முழுதாக எறிவதும் இலகுவானவை. வரிக்கு வரி உரைத்துப் பார்ப்பதே கடினமானது, அதுவே வரலாறு.

கல்லும் முழுவதும் சொல்லாது

கல்லில் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. அதுவும் ஒருவர் எழுதியது. எழுதியவருக்கு ஒரு நோக்கம் உண்டு.

பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தைப் பிரின்செப்புக்குப் பின் வந்தவர்கள் முழுமையாக வாசித்தார்கள். கலிங்கப் போரில் ஒரு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், ஒன்றரை இலட்சம் பேர் நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டார்கள், அதிலும் பன்மடங்கினர் மடிந்தார்கள் என்று அசோகனே கூறி வருந்துகிறான். உலகத்தில் வெற்றிபெற்ற அரசர் எவரும் இப்படி எழுதியது அரிது. அதற்காக நாம் அவரை மதிக்கிறோம். ஆனால் இந்த வருத்தச் சாசனம் கலிங்க நாட்டுக்குள்ளே இருக்கும் தௌலியிலும் ஜௌகடத்திலும் பொறிக்கப்படவில்லை. அந்த இடத்தில் வேறு சாசனங்களே உள்ளன. பாதிக்கப்பட்டவர்கள் வாசிக்கக்கூடிய இடத்தில் மட்டும் அந்த வாசகம் இல்லை. ஏன் என்று திட்டமாகச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு சான்றில் என்ன இருக்கிறது என்பதோடு, எங்கே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

எண்களைப் பாருங்கள். ஒரு இலட்சம், ஒன்றரை இலட்சம். இவை எண்ணி எழுதிய தொகைகள் அல்ல, முழு எண்ணாக மதிப்பிட்டவை என்பது கணக்கு எழுதும் எவருக்கும் பார்த்ததும் தெரியும். அதனால் துயரம் குறையாது. எமக்கு மனத்தைத் தைப்பது வேறொன்று. அந்த ஒன்றரை இலட்சம் பேரில் ஒருவரின் பெயராவது நமக்குத் தெரியாது. எங்கே கொண்டுபோகப்பட்டார்கள், எந்த ஊரில் அடுப்பு மூட்டினார்கள், பிள்ளைகளுக்குப் பழைய ஊரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதற்கு ஒரு ஓட்டுத் துண்டுகூட இல்லை. அவர்களைப் பற்றி நமக்குத் தெரிவது, அவர்களைத் துரத்தியவர் சொன்ன ஒரு தொகை மட்டுமே.

அகதியாக வந்தவர்களுக்கு இது பழங்கதை அன்று. நாட்டை விட்டு ஓடிவந்து ஒரு மேசைக்கு முன்னால் இருந்து, நடந்ததைச் சொல்லி, அதற்குக் கடதாசி எங்கே என்று கேட்கப்பட்டவர்கள் எம்மில் பலர். கடதாசி எரிந்த வீட்டுக்குள் இருந்தது. எழுத்துச் சான்று இல்லை என்பதற்கும் சம்பவம் நடக்கவில்லை என்பதற்கும் உள்ள தூரத்தை நாம் அனுபவத்தில் அறிவோம். நல்ல வரலாற்றாசிரியரும் அதை அறிவார்.

தமிழுக்குக் கிடைத்த பயன்

பிரின்செப் அந்தியோக்கஸின் பெயரைக் கண்ட அதே இரண்டாம் பாறைச் சாசனத்தில், அதே மூச்சில் வேறு சில பெயர்களும் வருகின்றன. சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், தாமிரபரணி எனப்படும் இலங்கை. மனிதருக்கும் விலங்குக்கும் வைத்திய வசதி செய்ததாக அசோகன் சொல்லும் எல்லைப்புற நாடுகள் இவை.

இச்சான்று எவ்வளவு தூரம் போகும்? கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இப்பெயர்களோடு தமிழர் அரசுகள் இருந்தன, அவை மௌரிய ஆட்சிக்கு வெளியே இருந்தன என்பதுவரை உறுதியாகப் போகும். அவை எவ்வளவு பெரியவை, எவ்வளவு பழையவை என்பதற்கு இதில் விடை இல்லை. மேடைகளில் இதற்கு மேலும் சொல்லுவார்கள். கல் அதற்குப் பொறுப்பல்ல.

சத்தியபுத்திரர் யார் என்பது நெடுங்காலம் தெரியாதிருந்தது. ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். 1981இல் தமிழ்நாட்டில் திருக்கோவலூருக்கு அருகே ஜம்பை என்னும் ஊர்க் குன்றில் தமிழ்-பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதியன் நெடுமான் அஞ்சி குகையொன்றைத் தானமாகக் கொடுத்ததைக் கூறும் அக்கல்வெட்டு, அவனைச் சத்தியபுதன் என்கிறது. ஔவையார் பாடிய அதே அதியமான் மரபு! அது அசோகனுக்குப் பிந்திய கல்வெட்டுத்தான். எனினும் அந்தப் பட்டம் எந்தக் குடிக்கு உரியது என்பதைக் காட்டிவிட்டது. அதுவும் ஒரு தானக் கல்வெட்டே. அதுவும் ஓர் உபயமே. மதுரையைச் சுற்றியுள்ள குகைக் கல்வெட்டுகள் தமிழ் என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியதும், பின்னர் ஐராவதம் மகாதேவன் அவற்றையெல்லாம் ஆராய்ந்து 2003இல் பெருநூலாக வெளியிட்டதும் பிரின்செப் திறந்த வாயிலால் உள்ளே சென்றே.

அதே 1981ஆம் ஆண்டில்தான் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்களும் மீண்டும் கிடைக்காத ஏட்டுச் சுவடிகளும் சாம்பலாயின. ஒரே ஆண்டில் ஒரு சான்று கிடைத்தது. எண்ணில்லாத சான்றுகள் அழிந்தன. கல்லில் இருந்தது தப்பியது. ஏட்டில் இருந்தது தப்பவில்லை.

மறைவு

பகலில் நாணயசாலை, இரவில் கல்வெட்டு, இடையில் மாதம்தோறும் இதழ் என்று இடைவிடாமல் உழைத்த உடம்பு தாங்கவில்லை. 1838இல் கடும் தலைவலியும் நோயும் தொடங்கின. அவ்வாண்டின் பிற்பகுதியில் மனைவியோடும் சிறு பெண்குழந்தையோடும் கப்பலேறினார். நினைவு படிப்படியாக மங்கியது. 1840 ஏப்ரல் 22இல் லண்டனில் காலமானார். ரேணரும் மூன்று ஆண்டுகளில் மறைந்தார். கல்கத்தா மக்கள் ஹூக்ளி ஆற்றங்கரையில் எழுப்பிய பிரின்செப் படித்துறை இன்றும் உண்டு. அவருடைய இளம் சீடர் அலெக்சாந்தர் கன்னிங்ஹாம் 1861இல் இந்தியத் தொல்லியல் துறையைத் தொடங்கினார்.

பியதசிதான் அசோகன் என்பதற்கு அதுவரை ஏட்டுச் சான்றே இருந்தது. 1915இல் ஹைதராபாத் நிசாமின் நாட்டில் இருந்த மஸ்கி என்ற ஊரில், தங்கச் சுரங்கப் பொறியியலாளர் பீடன் ஒரு பாறைச் சாசனத்தைக் கண்டார். அதில் தேவர்களுக்குப் பிரியமானவன் என்ற பட்டத்தோடு அசோகன் என்ற பெயரே பொறிக்கப்பட்டிருந்தது. ரேணர் சொல்லி 78 ஆண்டுகளின் பின் கல் ஒப்பமிட்டது.

நாம் செய்யக் கூடியவை

எமது பிள்ளைகள் வேற்றுநாட்டுப் பாடசாலைகளில் சரித்திரம் படிக்கிறார்கள். இதை எழுதியவர் யார், எப்போது, எதற்காக, வேறு சாட்சி உண்டா என்று கேட்க அங்கே பழக்குகிறார்கள். வீட்டுக்கு வந்து எமது பழம்பெருமைகளைப் பற்றியும் அதே கேள்விகளைக் கேட்டால் கோபிக்க வேண்டாம். உரைகல்லுக்கு அஞ்ச வேண்டியது பித்தளை, தங்கம் அன்று.

அதோடு, சான்று விட்டுச் செல்வதும் எமது கடமை. பழைய படங்களின் பின்புறத்தில் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். தோம்பு, உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், பாடசாலைச் சான்றிதழ், அகதி விண்ணப்பத்தின் பிரதி எதையும் எறிய வேண்டாம். முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யும்போது, தாமே கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துக் கேளுங்கள். தொகையைக் கூட்டிச் சொல்ல வேண்டாம். ஒரு பொய் எண் வெளிப்பட்டால் அருகில் உள்ள பத்து மெய் எண்ணும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

கோயிலுக்கு உபயம் செய்வோரிடமும் ஒரு வேண்டுகோள். பெயரை மட்டும் போடாமல், பிறந்த ஊரையும் ஆண்டையும் முழுமையாகப் பொறியுங்கள். விளம்பரமாகுமே என்று சிலர் கூச்சப்படுவார்கள். சாஞ்சியில் கல் கொடுத்தவர்கள் அப்படிக் கூச்சப்பட்டிருந்தால் அசோகன் இன்னும் ஊமையாகவே இருந்திருப்பான்.